தம்பியின் முதுகுக்குப் பின்னால் பதினேழு மரங்கள்

ஒரு படத்தில் முகத்தைத் தவிர மற்றதெல்லாம் கரைந்து கிடந்தால், அதை எந்த லென்ஸில் எடுத்தார்கள் என்று என்னால் சொல்லிவிட முடியும். பத்துக்கு ஒன்பது தடவை சரியாக இருக்கும். பத்தாவது தடவை எடுத்தவர் பொய் சொல்லியிருப்பார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். சேந்தமங்கலத்தில் பதினான்கு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, பாஸ்போர்ட் படம், எல்லாம் உண்டு. ஆரம்பத்தில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழையும்போது "போட்டோக்காரர் எங்கம்மா?" என்று என்னிடமே கேட்டவர்கள், இப்போது முகூர்த்தம் குறிக்கும் முன்பே போன் போட்டு எனக்கு அந்தத் தேதி தோதுப்படுமா என்று கேட்கிறார்கள்.

பின்னால் இருப்பது மங்கினால் எல்லாம் ஒன்றுதானே என்பார்கள். இல்லை. கேமராவோடு கூடவே வரும் ஜூம் லென்ஸில் மங்கினால், பின்னால் இருக்கும் ஒவ்வொரு குச்சியும் இரண்டு குச்சியாகத் தெரியும். முகத்தைப் பார்க்கவிடாமல் அது கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும். ஐம்பது எம்.எம். லென்ஸில் இலைச்சந்து வெளிச்சமெல்லாம் பட்டை பட்டையாக மூலை வைத்து விழும். என்னிடம் ஒரு பழைய லென்ஸ் இருக்கிறது, கையால் திருகித்தான் அதில் ஃபோகஸ் வைக்க முடியும். அதில் எடுத்தால் பின்னால் இருக்கும் இலைகள் முகத்தைச் சுற்றிச் சுழல்வது போல இருக்கும். சாமி வந்து ஆடுகிறவர்களை எடுக்க அதை விட்டால் வேறு லென்ஸ் கிடையாது. நீட்டு ஜூம் தூரத்து மலையைப் பிடித்து இழுத்து மாப்பிள்ளையின் பிடரியில் ஒட்டிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே என்னுடைய எண்பத்தைந்து எம்.எம். லென்ஸ். அதன் கண்ணை முழுதாகத் திறந்து எடுத்தால், முகத்தில் இமைமுடி எண்ணிவிடலாம், காதுக்குப் பின்னால் உலகம் பாலில் விழுந்துவிடும். வெளிச்சப் புள்ளிகள் ஓரம் தெரியாத வட்டங்களாக நிற்கும். படத்தின் மூலைக்குப் போகப்போக அந்த வட்டம் நசுங்கி, பலாக்கொட்டை மாதிரி ஆகும். இதைப் பொக்கே என்கிறார்கள். என் கடையில் கரைப்பது என்றுதான் சொல்வோம். "அக்கா, கரைச்சு எடுத்துருங்க" என்பார்கள் மாப்பிள்ளைகள். மண்டபத்தில் அவர்களுக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஏணி, கவிழ்த்த அண்டா, வாயைத் திறந்துகொண்டு கொட்டாவி விடும் சித்தப்பா என்று ஏதாவது இருக்கும். எல்லாவற்றையும் கரைத்துவிடுவேன். கரைத்துவிட்டால் எல்லார் வீட்டுக் கல்யாணமும் பெரிய வீட்டுக் கல்யாணம்தான்.

இந்தக் கர்வத்தோடுதான் என் தம்பியின் கல்யாணத்தை நான் கெடுக்கப் பார்த்தேன்.

நாங்கள் மலைமேல் பெரக்கரை நாட்டுக்காரர்கள்; சில ஊர்கள் சேர்ந்ததை மேலே நாடு என்போம். நான் கல்யாணமாகிக் கீழே வந்துவிட்டேன். அப்பா போன பிறகு தம்பி மேலேயே அம்மாவோடு இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டான். மிளகு, அதற்கடியில் காப்பி, வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம் சாமை. முப்பத்து நான்கு வயதாகிவிட்டது. எட்டு இடம் பார்த்தோம், எட்டும் அமையவில்லை. பையனைக் குறை சொன்னவர்கள் ஒருவரும் இல்லை. "விவசாயங்களா?" என்று கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மலையில் இருக்கும் பெண்ணுக்கும் திருப்பூர் கம்பெனியில் வேலை செய்கிற மாப்பிள்ளை வேண்டும், கீழே இருக்கும் பெண்ணுக்கு மலை ஏறவே வேண்டாம். எட்டாவது இடமும் போன அன்று தம்பி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "இன்னொண்ணு மட்டும் பாருங்க. அதும் ஆகலீன்னா இந்தப் பேச்சே வேண்டாம்" என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான். அந்த இன்னொன்றுதான் அதே மலையில் பைல் நாட்டுப் பெண்.

எங்கள் மாமா, அம்மாவோடு பிறந்தவர், அந்த இடத்தைக் கொண்டுவந்தார். இரண்டு பக்கமும் முதலில் படம் மாற்றிக்கொள்வது என்று பேச்சு. ஆவணி மாதம், நான் எண்பத்தைந்தை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் மேலே போனேன்.

மலையில் பெண் கேட்கும்போது படம் போனால், அதில் பையனைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று நினைப்பவர்கள் கீழே பிறந்தவர்கள். மேலே அப்படி இல்லை. பையனுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்வை போகும். நிலம் சரிவா சமமா, மிளகு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, காப்பிக்கு நிழல் இருக்கிறதா, ரோடு கிட்டத்திலா என்று பார்ப்பார்கள். பையனுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறதா என்பது அதற்கப்புறம். அந்த மண்ணில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

தம்பியின் நிலத்தில் மேல் பாதியில் கொடி அடர்ந்து ஏறி, உள்ளே இருட்டாக இருக்கும். அங்கே நிறுத்தினால் முகத்தில் பச்சை விழும். கீழ் வரிசையில் மிளகுக்கொடி ஏற்றியிருந்த பதினேழு சில்வர் ஓக் மரங்கள். முந்தின வருடத்து மழையில் வாடல் நோய் வந்து, பத்து நாளில் அந்தப் பதினேழு மரத்துக் கொடியும் செத்துப்போனது. தம்பி எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி எரித்திருந்தான். மரங்கள் மொட்டையாக நின்றன. கொடி செத்த இடம் என்பதால் அங்கேதான் வெளிச்சம் இருந்தது. போட்டோக்காரிக்கு வேறென்ன வேண்டும்?

அம்மா வாசலில் இருந்தே சொன்னாள், "அங்க வேண்டாம் சாமி. மரமெல்லாம் மொட்டையாத் தெரியும்."

"ஒண்ணும் தெரியாதும்மா. நான் கரைச்சிருவேன்" என்றேன்.

கரைத்தேன். வெளிர்நீலச் சட்டையில் தம்பி அப்படி ஒரு அழகாக இருந்தான். பதினேழு மரமும் பதினேழு மெல்லிய நிழலாக, தேநீர் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று நின்றன. நடுவே வானம் வட்டம் வட்டமாகப் பூத்திருந்தது. கேமராத் திரையைப் பார்த்து எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. எங்கள் வீட்டில் இவ்வளவு லட்சணமான ஆள் இருக்கிறான், எட்டுப் பேருக்குக் கண்ணில்லாமல் போயிற்றே என்று நினைத்தேன். தம்பி எட்டிப் பார்த்து, "இது எந்த எடம் அக்கா?" என்று கேட்டான். "உன்ற மொளகுக் காடுதான்" என்றேன். அவன் சட்டையைக் கழற்றப் போய்விட்டான்.

மறுநாளே மாமா போன் செய்தார். குரலில் ஒரு இழுவை.

"பையன் லட்சணமா இருக்காருன்னு சொல்றாங்க கண்ணு. அதுல ஒண்ணும் இல்ல. பொண்ணோட அப்பா ஒரு வார்த்த கேக்கச் சொன்னாரு."

"என்னங்க மாமா?"

"பின்னால எதை அழிச்சீங்கன்னு கேக்கறாரு."

எனக்கு மண்டைக்கு ஏறிவிட்டது. மாமாவிடமே நம்பரை வாங்கி, அந்த மனுஷருக்கு நானே போன் செய்தேன். பெண் வீட்டுக்குப் பையனின் அக்கா நேரடியாகப் போன் செய்வது வழக்கமில்லை. செய்தேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அழிக்கலீங்க. அந்த லென்ஸு அப்படித்தான் எடுக்கும்" என்றேன்.

"அப்படீங்களா அம்மிணி. எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. டிவியில தப்புப் பண்ணுனவன் மூஞ்சியத்தான் இப்படி மறைச்சுக் காட்டுவாங்க. மூஞ்சிய மறைச்சாலும் பரவால்லீங்க. நெலத்த மறைச்சா என்னன்னு எடுத்துக்கறது?"

நான் விடவில்லை. லென்ஸின் கண் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு முன்னும் பின்னும் மங்கும், பெரிய பெரிய கல்யாணத்திலெல்லாம் இப்படித்தான் எடுக்கிறார்கள், இதற்காகவே என்னைத் தேடி வருகிறார்கள் என்று ஒரு பாடமே நடத்தினேன். அவர் ஒரு இடத்தில்கூடக் குறுக்கே பேசவில்லை. முடித்ததும், "செரிங்க அம்மிணி. அந்த லென்ஸு போடாம ஒண்ணு எடுத்து அனுப்புங்க" என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற குடும்பமா நாங்கள் என்று மாமாவிடம் கத்தினேன். இந்த இடமே வேண்டாம் என்றேன். இப்போது நினைத்தால் தெரிகிறது, பெண்ணின் அப்பா சொன்னது பொய்யாக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் மறைத்திருந்தேன். அதற்கு அழகு என்று பெயர் வைத்திருந்தேன். அது வெளியே தெரிந்துவிட்டது என்பதுதான் என் கோபம்.

கோபத்துக்குத் தீனி வேண்டுமல்லவா, அவர்கள் அனுப்பிய பெண்ணின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு நோண்ட ஆரம்பித்தேன். அதிலும் பின்னால் மங்கல்தான். ஆனால் போனில் எடுத்த மங்கல், பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. லென்ஸுக்கு ஆள் யார், மரம் எது என்று தெரியாது, தூரம் மட்டும்தான் தெரியும். அதனால் அது ஏமாறாது. போன் அப்படியில்லை. இது ஆள், இது சுவர் என்று தானாக ஊகித்து, ஆளைச் சுற்றிக் கத்தரித்து, மிச்சத்தைக் கலக்கிவிடும். ஊகித்ததில் அந்தப் பெண்ணின் காதோரத்து முடியும் ஒரு தோட்டில் பாதியும் கரைந்து போயிருந்தன. இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அந்தக் கைக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த முக்கோண இடைவெளியைப் போன் கலக்க மறந்துவிட்டது. சுற்றிலும் எல்லாம் மங்கிக் கிடக்க, அந்த முக்கோணம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. போன்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு அது. உள்ளே கறுப்பாக ஏதோ பைகள், கொஞ்சம் இலை.

அடுத்த நாள் மேலே போய்த் தம்பியிடம் காட்டினேன். "நம்மளக் கேட்டாங்கல்ல? அவிய அழிச்சிருக்கற லட்சணத்தப் பாரு. காதுத் தோட்டக்கூட அழிச்சிருக்காங்க."

தம்பி போனை வாங்கினான். தோட்டைப் பார்க்கவில்லை. முகத்தையும் ரொம்ப நேரம் பார்க்கவில்லை, அல்லது நான் பார்க்காதபோது பார்த்திருப்பான். விரலால் அந்த முக்கோணத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனான்.

"அக்கா, இது மொளகு நாத்து."

"எது?"

"இந்தப் பை. ரெண்டு கணு வச்சு நட்டிருக்குது. எல்லாத்துலயும் ரெண்டு ரெண்டு எலை வந்திருக்குது. ஒண்ணுகூடச் சாகல." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிரும்."

"என்ன தெரிஞ்சிரும்?"

"நம்ம காட்டப் பாத்தா மொத நாளே தெரிஞ்சிரும். மறைச்சுக் கூட்டியாந்து என்ன பண்றது? அந்த மனுசன் கேட்ட மாதிரி இன்னொண்ணு எடு."

நான் மாட்டேன் என்றேன். மொட்டை மரத்தை முன்னால் நிறுத்திக்காட்டிப் பெண் கேட்கிறவன் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் என்றேன். இது ஒன்பதாவது இடம், இதற்கப்புறம் வேண்டாம் என்று நீதானே சொன்னாய், அதையும் நீயே கெடுத்துக்கொள்வாயா என்று கேட்டேன். அம்மா அடுப்படியில் இருந்து வெளியே வரவில்லை. நாங்கள் சண்டை போட்டால் அவள் அப்படித்தான்.

தம்பி குரலை உயர்த்தவே இல்லை. "எட்டுப் பேரு நான் விவசாயின்னு வேண்டான்னாங்க. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்? இவிய வேண்டான்னா, கொடி செத்துப்போச்சுன்னு சொல்லி வேண்டாங்கட்டும். அது நெசம். அதக் கேட்டுக்கறேன்."

எனக்கு அழுகை வந்தது. அதை அவனுக்குக் காட்டாமல் கேமராப் பையைத் திறந்தேன். எண்பத்தைந்தைக் கழற்றினேன். அகலமாகப் பார்க்கிற லென்ஸை மாட்டி, அதன் கண்ணை ஊசித்துளை அளவுக்குச் சுருக்கி, முக்காலியில் வைத்தேன். அதே வரிசை. வெளிர்நீலச் சட்டையைத் திரும்பப் போடச் சொன்னேன், தோட்டத்தில் போடுகிற சட்டையோடே நிற்கிறேன் என்றான்.

பதினான்கு வருடத்தில் நான் எடுத்த மோசமான படம் அதுதான். எல்லாமே தெரிந்தது. மரப்பட்டையில் கொடி ஒட்டியிருந்த தடம் தெரிந்தது. நீல டிரம், சாய்த்து வைத்த மண்வெட்டி, வேலியில் அம்மா காயப்போட்ட துண்டு, தம்பியின் சட்டையில் காலரோரத்துக் கிழிசல், வெயிலுக்குச் சுருங்கின கண், எதையும் அந்த லென்ஸ் விடவில்லை. அகல லென்ஸ் என்பதால் தம்பி கொஞ்சம் சின்னவனாகவும் காடு கொஞ்சம் பெரியதாகவும் இருந்தது. பார்க்கிறவர்களின் கண் எங்கே போய் நிற்கும் என்றே சொல்ல முடியாது. எங்களுடைய தொழிலில் அதைவிடக் கேவலம் இல்லை.

கீழே கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். அனுப்ப மனசு வரவில்லை. மேல் பாதிக் காட்டில் எடுத்த படங்கள் என்னிடம் இருந்தன. அதிலிருந்து கொடியை வெட்டி மொட்டை மரத்தில் ஏற்றினால் என்ன? மூன்று மரத்துக்கு ஏற்றினேன். சத்தியமாகச் சொல்கிறேன், அழகாக ஏறியது. கடையில் பிரிண்ட் போடுவது என் வீட்டுக்காரர். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்தவர் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தார்.

"மொளகு நல்லா ஏறியிருக்குது" என்றார். "பறிக்கறதுக்கு யாரு போவா?"

மூன்று மரத்தையும் பழையபடி மொட்டையாக்கிவிட்டு, படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். அப்புறம்தான் சாப்பிடப் போனேன்.

ஒரு நாள் போனது. இரண்டு நாள். நான்காவது நாளும் பதில் இல்லை. முடிந்துவிட்டது என்றே எண்ணினேன். "சொன்னேனே" என்று தம்பியிடம் எப்படிச் சொல்வது என்றுகூடச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், அந்த வார்த்தையில் எனக்கு இருந்த ஆசையைப் பாருங்கள். ஐந்தாம் நாள் மாமா கூப்பிட்டார். "ஐப்பசியில அவிய வாராங்களாம். பொண்ணும் வருதாம்" என்றார். வழக்கப்படி நாங்கள்தான் பெண் பார்க்கப் போக வேண்டும். "பொண்ணு எதுக்குங்க மாமா?" என்றேன். "காட்டப் பாக்கோணுமாம்" என்றார்.

வந்தார்கள். முந்தின நாள் பெய்த மழையில் வழி வழுக்கிக் கிடந்தது. பெண்ணின் அப்பா மெலிந்த மனுஷர், என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "நீங்கதானுங்களா அம்மிணி" என்றார். நான் சிரித்து வைத்தேன். மாமா எல்லாரையும் வீட்டுக்குள் கூப்பிட்டார். பெண் செருப்பை வாசலில் விட்டாள், ஆனால் உள்ளே வரவில்லை. தம்பியைப் பார்த்து, "கீழ் வரிசை எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டாள். வெறுங்காலோடு சரிவில் இறங்கினாள். தம்பி பின்னால் போனான். விட்டுவிடுவேனா, கேமராவை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

அவள் முதல் மரத்தடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். அப்போதுதான் நானே பார்த்தேன். மரத்தடியில் ஒரு சாண் உயரத்துக்கு ஒரு புதுக்கொடி. அதற்கு வெயில் படாமல் பக்கத்தில் தழை ஒடித்துக் குத்தி வைத்திருந்தது. அடுத்த மரத்திலும் அப்படியே. அதற்கடுத்த மரத்திலும். பதினேழு மரத்தடியிலும் இருந்தது. ஆனியிலேயே நட்டிருக்கிறான். இரண்டு தடவை அதே இடத்தில் நின்று படம் எடுத்தவள் நான்.

"பாசி படிஞ்ச பக்கமாவே நட்டிருக்கீங்க" என்றாள் அவள்.

"ஆமாங்க. அந்தப் பக்கம் வெயிலு அடிக்காது."

"படத்துலயே பாத்தேன். ஏழாவது மரத்துல மட்டும் தழை குத்தலீங்க."

"குத்தினேனுங்க. மாடு தின்னுபோட்டுது."

அவள் சிரித்தாள். தம்பியும் சிரித்தான். முப்பத்து நான்கு வருடத்தில் அவன் ஒரு பெண்ணிடம் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அதுதான், பாசியும் மாடும். கேமராவில் எண்பத்தைந்துதான் மாட்டியிருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. மேலே வந்து, பையனைப் பிடித்திருக்கிறதா என்று மாமா கேட்டபோது, அவள் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினாள். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

கடைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்த முதல் படத்தைத் திறந்தேன். என் அழகான படத்தை. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நிழல் மரத்துக்கும் அடியில் ஒரு சின்னப் பச்சைக் கறை. கவனித்துப் பார்த்தால்தான் உண்டு. செத்த கொடியை மறைக்கிறேன் என்று, அவன் நட்டு வைத்த பதினேழு கொடியையும் கரைத்திருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு என்மேல் வந்த கோபத்தை யார் மேலும் திருப்பிவிட முடியவில்லை.

தை மாதம் கல்யாணம். படம் நான்தான் எடுத்தேன், வேறு யாரையாவது விட்டுவிடுவேனா. அவள் பைல் நாட்டிலிருந்து வரும்போது சீரோடு இரண்டு தட்டு நாற்றுப் பைகளும் வந்தன. அவளே கட்டின நாற்று. ஏழாவது மரத்துக் கொடி கடைசியில் பிழைக்கவில்லை, அதற்குப் பதிலாக அவள் நாற்று ஒன்றை நட்டார்கள்.

இதெல்லாம் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, என் முதல் படத்தைப் பெரிதாகப் போட்டு, தேக்குச் சட்டம் அடித்து, துணியில் சுற்றி மேலே எடுத்துப் போனேன். அவர்கள் வீட்டுச் சுவரில் அந்த இரண்டாவது படம், துண்டும் டிரம்மும் கிழிந்த காலருமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் எடுத்தது என்று தெரிந்து யாராவது அதைப் பார்த்துவிட்டால் என் தொழில் என்னாவது?

"அதக் கழட்டிட்டு இத மாட்டு சாமி" என்றேன் தம்பியின் மனைவியிடம். "இதுதான் நல்ல படம்."

அவள் படத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி நன்றாகப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க அண்ணி. அவரு மட்டும்தான் இருக்காரு" என்றாள்.

"அதுக்குத்தானே அந்த லென்ஸு."

அவள் படத்தைத் திரும்ப என்னிடமே நீட்டினாள். முகத்தில் கேலி இல்லை.

"இந்தப் படத்தப் பாத்துட்டு நான் வேண்டாம்னுதாங்க அண்ணி சொன்னேன். எங்கய்யன்தான் கேக்கல. பையன் மூஞ்சி பொய் சொல்ற மூஞ்சியா இல்ல கண்ணு, படம் எடுத்தவங்கதான் எதையோ மறைக்கறாங்க, ஒரு வார்த்த கேட்டுப் பாத்தர்லாம்னு சொல்லீட்டுத்தான் உங்க மாமாவுக்குப் போன் போட்டாரு."

தம்பி வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்திருக்கும். தலையை நிமிர்த்தவில்லை, அது அவனுடைய நல்ல குணம். நான் படத்தைத் துணியில் திரும்பச் சுற்றினேன். மாலை பஸ்ஸில் இறங்கும்போது, அவளுடைய அப்பாவின் நம்பரைத் தேடி எடுத்து, இரண்டாவது தடவையாக அந்த மனுஷருக்கு நானே போன் செய்தேன்.